வியாழக்கிழமைக்கு ஏற்ற டயர்

"சத்தம் போடாத டயர் வேணும்," என்றான் ஓட்வார்.

டயர் ஹோட்டலின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மோல்ஃப்ரி, வாயிலிருந்த லெஃப்ஸே ரொட்டியை மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"பனியில பிடிக்கிற டயர் கேப்பாங்க. ஐஸ்ல பிடிக்கிற டயர் கேப்பாங்க. சத்தம் போடாத டயர்னு கேட்டு வந்த முதல் ஆள் நீதான்."

"என் பிக்கப் மின்சார வண்டி. எஞ்சினே சத்தம் போடலை. டயர் மட்டும் எதுக்குப் போடணும்?"

"மூணு டன் எடை. அதை மறந்துடாதே. உன் வண்டிய நிறுத்தணும்னா கடவுளும் வேணும், நல்ல ரப்பரும் வேணும்."

வட துருவத்தை ஒட்டிய ஆன்டெனெஸ் ஊரில் எல்லோருடைய டயர்களும் ஆண்டில் பாதி நாள் இந்த ஹோட்டலில்தான் தங்கும். கோடையில் பனிக்கால டயர்கள். பனிக்காலத்தில் கோடை டயர்கள். மோல்ஃப்ரி அவற்றைக் கழுவி, துடைத்து, சொந்தக்காரர் பெயர் எழுதிய பைகளில் போட்டு அலமாரித் தட்டுகளில் அடுக்கி வைப்பாள். ஊரில் மனிதர்கள் தங்குகிற ஹோட்டலில்கூட இவ்வளவு கவனிப்பு கிடையாது.

ஓட்வாருக்கு இந்த ஹோட்டலில் டயர் எதுவும் இல்லை. பிக்கப்பைக் கோடையில்தான் வாங்கியிருந்தான். முதல் பனி திங்கட்கிழமை விழுந்துவிட்டது. வேறு ஒருவனாக இருந்தால் அன்றே ஏதோ ஒரு டயரை மாட்டிக்கொண்டு போயிருப்பான். ஓட்வார் அப்படிப்பட்டவன் இல்லை. ஒவ்வொரு டயரின் ரப்பரையும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். பிறகு, அழுத்திய விதம் சரிதானா என்று சந்தேகப்பட்டு, இன்னொரு விரலால் அழுத்தினான்.

அவனுக்கு வேண்டியது பனிக்காலத்துக்கான டயர் என்று சொல்வது சரியாகாது. வியாழக்கிழமைக்கான டயர். அதை மோல்ஃப்ரியிடம் எப்படிச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை யூருன் போன் செய்திருந்தாள். அவனும் அவளும் பக்கத்திலிருக்கும் ப்ளைக் கிராமத்துக்காரர்கள். அவள் வீடு அவன் வீட்டிலிருந்து நாலாவது. போன வருடத்திலிருந்து இருவரும் வியாழக்கிழமைதோறும் சூர்ட்லான் நகரத்தில் ஒரே மாலை வகுப்பில் ஸ்பானிஷ் படிக்கிறார்கள். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். போன பனிக்காலம் முழுவதும் அவள் தன் சின்னச் சிவப்பு வண்டியில் முன்னால் போக, அவன் தன் பழைய வண்டியில் பின்னாலேயே போனான். சேர்ந்து போகலாமே என்று இருவருமே கேட்டதில்லை. அந்த ஊரில் அவசியமில்லாமல் ஒருவர் வண்டியில் இடம் கேட்பது, அவர் பல் துலக்கும் பிரஷைக் கடன் கேட்பதற்குச் சமம்.

"என் டயரு ஹோட்டல்ல மாட்டிக்கிச்சு, ஓட்வார்," என்றாள் யூருன் போனில். "எப்ப கைக்கு வரும்னு தெரியலை. வியாழக்கிழமை உன் வண்டியில இடம் இருக்குமா? இல்லைன்னா பரவாயில்லை."

"இருக்கு. அஞ்சு இடம் இருக்கு."



"எனக்கு ஒண்ணு போதும்," என்றாள்.

யூருன் பல் மருத்துவமனையில் உதவியாளர். ஊரில் பாதிப் பேருடைய வாயை அவள் பார்த்திருக்கிறாள், ஓட்வாருடைய வாயையும் சேர்த்து. அந்த நாற்காலியில் படுத்தால், அவள் சொன்ன உடனே அவன் வாய் திறந்துவிடும். நாற்காலியைவிட்டு எழுந்தால் திறக்காது. நாற்பத்தாறு வயதில் அவனுடைய ஒரே பிரச்சினை இதுதான்.

அவனிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. 'பிப்ரவரியில் என்னுடன் கிரான் கனேரியா தீவுக்கு வருகிறாயா?' ஸ்பெயினுக்குச் சொந்தமான, பிப்ரவரியிலும் வெயில் அடிக்கிற தீவு. அந்த வாக்கியத்தைத் தாய்மொழியில் சொல்லும் துணிச்சல் அவனுக்கு இல்லை. ஸ்பானிஷில் சொன்னால், பாதகமான பதில் வந்தால் பாடம் படித்ததாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். போன வருடம் அவள் தனி வண்டியில் போனாள். சொல்ல இடமே இல்லை. இந்த வருடம் அவளுடைய டயர் ஹோட்டலில் மாட்டிக்கொண்டிருக்கிற வரைதான் அவனுக்கு வியாழக்கிழமைகள். அதனால், மோல்ஃப்ரியிடம் யூருனின் டயரைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பின்னால் இருந்த தட்டுகளின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் அவை கீழே இறங்கி வந்துவிடுமோ என்று பயம்.

"இது," என்று கடைசியில் ஒரு டயரைத் தொட்டான். ஐஸைக் கடிக்கிற இரும்பு ஆணிகள் பதிக்காத, மென்மையான ரப்பர். "இது சத்தம் போடாதில்ல?"

"பூனை மாதிரி போகும்," என்றாள் மோல்ஃப்ரி. "ஆனா பூனை நினைச்ச பக்கம்தான் போகும்."

வியாழக்கிழமை அந்த வண்டி போன விதத்தை என்னவென்று சொல்வது! மிதந்தது என்றால் மிகை. ஆனால், சக்கரம் தரையில் படுகிறதா என்று ஓட்வாருக்கே இரண்டு முறை சந்தேகம் வந்தது. விளக்கு வெளிச்சத்தில் பனித்துகள்கள் எதிரே வந்து, கண்ணாடியைத் தொடாமலேயே விலகிப் போயின. ஒரு பக்கம் சதுப்பு நிலம், மறுபக்கம் கடல். இரண்டும் ஒரே நீலம்.

யூருன் மடியில் பாடப்புத்தகத்தை விரித்திருந்தாள். அன்றைய பாடம்: ஹோட்டலில் அறை எடுத்தல். அவள் வரவேற்பாளர், அவன் விருந்தினர். ஸ்பானிஷ் பேசும்போது இருவருக்கும் புத்தகத்தின் மரியாதை வந்துவிடும்.

"மாலை வணக்கம், ஐயா. நான் தங்களுக்கு எவ்வாறு உதவலாம்?"

"மாலை வணக்கம், அம்மா. அறை காலியாக உள்ளதா?"

"உள்ளது, ஐயா. ஒருவருக்கா, இருவருக்கா?"

ஓட்வார் மூச்சை இழுத்தான். புத்தகமே கதவைத் திறந்துவிட்டது. நுழைய வேண்டியதுதான் பாக்கி.

"இரு..." என்று ஆரம்பித்தான்.

வழியில் கடலின்மேல் போகிற பாலத்தைத் தாண்டியதும் வரும் ஏற்றத்தில், மதியம் பெய்த மழை பனியின் மேல் கண்ணாடி போல உறைந்திருந்தது. வண்டி சுழன்றது. அவசரமே இல்லாமல் சுழன்றது. முதலில் கடல் வந்தது. பிறகு, அவர்கள் கடந்து வந்த பாலம் விளக்குகளோடு முன்னால் வந்து நின்றது. பிறகு மலை. பிறகு மறுபடியும் அதே சாலை. மூன்று டன் எடை, ஒரு சத்தம்கூட இல்லாமல் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட திசையிலேயே நின்றது.

யூருன் தன் காப்பிக் குடுவையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"ம்ம்," என்றாள்.

 பிறகு புத்தகத்தைப் பார்த்து நிதானமாகத் தொடர்ந்தாள்.

"ஒருவருக்கா, இருவருக்கா, ஐயா?"

"ஒருவருக்கு," என்றான், நடுக்கம் தீராமல்.

அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். போய்ச் சேரும்வரை வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டாள் என்று அவன் முடிவு செய்தான்.

ஓட்வாருக்கு சால்மன் பண்ணையில் வேலை. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, திரைகளில் மீன்களைப் பார்த்து, எப்போது தீனி போடுவது என்று முடிவெடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான மீன்கள் நாள் முழுக்க ஒரே திசையில் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால், நாம் உட்கார்ந்திருக்கிறோமா சுற்றுகிறோமா என்பது மறந்துபோகும். ஸ்பானிஷ் வாக்கியத்தை அவன் பயிற்சி செய்தது இந்த மீன்களிடம்தான். அவை எப்போதும் வாயைத் திறந்து மூடின. சம்மதம் என்றுதான் தோன்றும்.

"ஆணி போடுடா," என்றான் பக்கத்து நாற்காலியில் இருந்த கூர்ட். வண்டி சுழன்ற கதையைக் கேட்டிருந்தான். அவன் டீசல் வண்டிக்காரன். "ஆணி இல்லாத டயர்ல ஓட்டுறவன் பனி தெரியாத தெற்கத்தியான். உங்கம்மா உன்னை இங்கதானே பெத்தா?"

"சத்தம் வரும்."

"வரட்டுமே! அந்த மின்சாரக் கெட்டில்ல வேற என்ன சத்தம் வருது? ஆணி டயர்னா பாறையையே கடிச்சுக்கிட்டு ஏறும். பொம்பளைங்களுக்கு அதுதான் பிடிக்கும், பத்திரமா இருக்குன்னு."

"பொம்பளைன்னு யார் சொன்னா?"

கூர்ட் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் மீனைப் பார்த்தான். "நான் பொதுவாச் சொன்னேன்," என்றான்.

ஓட்வார் ஆணி டயரை மாட்டினான். மென்மையான டயர்கள் பையில் ஏறி ஹோட்டல் தட்டுக்குப் போயின.

அடுத்த வியாழக்கிழமைக்குள் பெருங்காற்று அடித்து, சாலையிலிருந்த பனி முழுவதையும் கடலுக்குத் துடைத்துவிட்டது. வெறும் தார். அதன்மேல் நாலு சக்கரத்திலும் நூற்றுக்கணக்கான ஆணிகள். தகரக் கூரைமேல் ஆலங்கட்டி மழை பெய்கிற சத்தம், நிற்காமல்.

"என்ன?" என்று கத்தினாள் யூருன்.

"நான் ஒண்ணும் சொல்லலையே!" என்று கத்தினான் ஓட்வார்.

"பாடம் படிக்கலாமா?"

"படிக்கலாம்!"

அன்றைய பாடம், ஹோட்டலில் தங்குவதை நீட்டித்தல். "நான் இன்னும் சில இரவுகள் தங்க விரும்புகிறேன்!" என்று அவள் கத்தினாள். "தங்களை வரவேற்பதில் மகிழ்ச்சி, அம்மா!" என்று அவன் கத்தினான். இப்படிக் கத்திக்கொண்டு பிப்ரவரியைப் பற்றி எப்படிக் கேட்பது? கேட்டால் அழைப்பாக இருக்காது, கைது உத்தரவாக இருக்கும். அவன் தன் வாக்கியத்தை மறுபடியும் விழுங்கினான்.

ரீசொய்ஹாம்ன் கிராமத்துக்குள் நுழைந்தபோது, நாயோடு ஒரு கிழவர் சாலையைக் கடக்க வந்தார். ஓட்வார் வண்டியை நிறுத்தினான். சக்கரம் நின்றதும் உலகமே நிசப்தமானது. காற்றோட்டத்துக்காகக் கண்ணாடியும் கொஞ்சம் இறங்கியிருந்தது. யூருனுக்கு மட்டும் கத்துவதை நிறுத்த நேரமில்லை.

"எனக்கு இரட்டைக் கட்டில் வேண்டும்!" என்று ஸ்பானிஷில் அவள் குரல் கிராமம் முழுக்க ஒலித்தது.

அந்தக் கிழவர் இளமையில் ஸ்பெயின் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவராம். அது பிறகுதான் தெரிந்தது. அவர் தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமைக்குள் செய்தி ஆன்டெனெஸ் வந்து சேர்ந்துவிட்டது.

"எங்க அத்தை வீட்ல ஒரு இரட்டைக் கட்டில் சும்மா கிடக்கு," என்றான் கூர்ட், கட்டுப்பாட்டு அறையில். "தேக்கு. உன் பிக்கப்ல ஏத்திக்கலாம்."

"அது பாடம்டா!"

"அப்படித்தான் நானும் எல்லார்கிட்டயும் சொல்றேன். பாடமாத்தான் நடக்குதுன்னு."

ஓட்வார் தலையைக் கையில் பிடித்துக்கொண்டான். அவனைச் சொன்னால் பரவாயில்லை. யூருன் பேர் கெட்டுவிட்டதே! பல் நாற்காலியில் படுத்துக்கொண்டு ஊரே அவளைப் பார்த்துச் சிரிக்கும். வாய் திறந்திருக்கும்போது சிரிப்பை மறைக்கவும் முடியாது.

"வந்துட்டியா," என்றாள் மோல்ஃப்ரி, அவன் மூன்றாம் முறையாக ஹோட்டலுக்குள் நுழைந்தபோது. "உன் டயர் குடும்பமே எங்ககிட்டதான் தங்கியிருக்கு. இன்னும் யாரை அனுப்பப் போறே?"

"ஆணியும் வேண்டாம், வழுக்கவும் கூடாது. நடுவுல ஒண்ணு இருக்கா?"

"நடுவுலங்கிறது டயர்ல கிடையாது."

"முன்னாடி ரெண்டு ஆணி, பின்னாடி ரெண்டு மென்மைன்னு போட்டா?"

"போலீஸ் பிடிக்கும். அதுக்கு முன்னாடி நானே பிடிச்சுக் குடுப்பேன்."

அப்போது மேசையிலிருந்த போன் அடித்தது. மோல்ஃப்ரி எடுத்தாள். "ம்," என்றாள். ஓட்வாரை ஒரு முறை பார்த்தாள். "ம்... இங்கதான் நிக்குது... ம்... நிஜமாவா? சரி." போனை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது ஒரு பெரிய டயரை உருட்டிக்கொண்டு வந்தாள். அகலமாக, கரடியின் பாதம் போலக் கட்டை கட்டையாக இருந்தது.

"இதை எடுத்துக்கோ. மலையில ஆளைத் தேடிப் போற மீட்பு வண்டிக்குப் போடுறது. ஆணி இல்லை. சத்தமும் பெரிசா வராது. வழுக்கவே வழுக்காது."

"பேட்டரி கொஞ்சம் கூடுதலா இழுக்குமோ?"

"கொஞ்சம்," என்றாள் மோல்ஃப்ரி, கூரையைப் பார்த்து.

அது கொஞ்சம் இல்லை. வியாழக்கிழமை எதிர்க்காற்று வேறு. பகலில் கூர்ட்டின் படகைக் கரைக்கு இழுத்துக் கொடுத்ததில் ஏற்கனவே ஓரளவு சார்ஜ் போயிருந்தது. பாதி வழி போவதற்குள், திரையில் இருந்த பேட்டரி எண் கண்ணெதிரே கரைந்தது. ஓட்வார் முதலில் வேகத்தைக் குறைத்தான். பிறகு இருக்கைச் சூட்டை அணைத்தான். பிறகு, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், வண்டியின் ஹீட்டரையும் அணைத்தான்.

"குளிருதா?"

"இல்லை," என்றாள் யூருன். அவள் வாயிலிருந்து வந்த ஆவி கண்ணாடியில் பூவாக உறைந்தது.

ரீசொய்ஹாம்னில், மூடிய பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரே ஒரு சார்ஜர் இருந்தது. பழைய சார்ஜர், நிதானமாகத்தான் கொடுக்கும்; ஹீட்டரைப் போட்டால் ஏறவே ஏறாது. ஓட்வார் கம்பியைச் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தான். பின் இருக்கையில் கிடந்த கம்பளியை எடுத்து அவள் கால்மேல் போட்டான். கம்பளி பெரிதாக இருந்ததால், அவள் மறு நுனியை அவன் கால்மேல் போட்டாள்.

அவள் குடுவையைத் திறந்து காப்பி ஊற்றினாள். பையிலிருந்து, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிய லெஃப்ஸே வந்தது. இரண்டு பேருக்கும் சரியாக, வெட்டி எடுத்து வந்திருந்தாள். எதிரே நீர்ச்சந்தியில் ஒரு மீன்பிடிப் படகு விளக்கையெல்லாம் ஏற்றிக்கொண்டு பாலத்துக்குக் கீழே நுழைந்தது. மறுபக்கம் வெளியே வர அதற்கு ரொம்ப நேரமானது. அல்லது, அப்படித் தோன்றியது. எங்கோ ஒரு நாய் ஒரு தடவை குரைத்துவிட்டு, எதற்குக் குரைத்தோம் என்பதை மறந்துவிட்டதுபோல நிறுத்திக்கொண்டது.

பாடம் படிக்கவில்லை.  ஓட்வார் தன் வாக்கியத்தை மனதில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. வினைச்சொல் சரி, மாதம் சரி, தீவு சரி. வாயைத் திறந்தான். அப்போது யூருனின் தலை அவன் தோளில் வந்து சாய்ந்தது.

தூங்கிவிட்டாள்.

தூங்குகிறவளிடம் எப்படிக் கேட்பது? எழுப்பினால்தான் என்ன? ஆனால், அந்தத் தோளை அசைக்க அவனுக்கு மனம் வரவில்லை. திரையில் எண்பது வந்தது. புறப்படலாம், வகுப்பில் பாதியாவது கிடைக்கும். அவன் அசையவில்லை. தொண்ணூறு வந்தது. கை மரத்துப் போனது. பனி விழ ஆரம்பித்தது. கண்ணாடி முழுவதும் வெள்ளையாகி, வண்டி ஒரு முட்டைக்குள் இருப்பது போல ஆனது. ஓட்வாருக்குத் தன் திரையின் சால்மன்கள் ஞாபகம் வந்தன. அவை வெளியே, கண்ணாடிக்கு அப்பால், இருட்டில் மெதுவாகத் தன்னைச் சுற்றி வருவதாக நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு அவனுக்குப் பிடித்திருந்தது.

"சார்ஜ் முடிந்துவிட்டது!" என்று வண்டி உரத்த குரலில் அறிவித்தது.

யூருன் நிமிர்ந்தாள்.

"போச்சா?"

"இல்லை, நூறு ஆயிடுச்சு."

"கிளாஸ் போச்சான்னு கேட்டேன்."

"அதுவும் போச்சு."

அவள் கண்ணாடியைக் கையால் துடைத்து வெளியே பார்த்தாள். மூக்கு நீலமாக இருந்தது. "இந்த டயரோட போனா பிப்ரவரியிலதான் எங்கயாவது போய்ச் சேருவோம்," என்றாள்.

கோபம், என்று ஓட்வார் நினைத்தான். நியாயமான கோபம். வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பினான்.

அதற்கடுத்த நாலு வியாழக்கிழமையும் ஏறக்குறைய இப்படித்தான் போயின. காலையில் பேட்டரியை முழுதாக ஏற்றிவைத்தாலும், ஒரு நாள் காற்று, ஒரு நாள் புதுப்பனி. வழியில் எங்காவது கம்பியைச் செருக வேண்டியிருந்தது. ஸ்பானிஷ் ஆசிரியை எவ்லாலியா, கனேரியாவில் பிறந்து இந்த ஊர் மீனவரைக் கட்டியவள், வகுப்பிலும் கோட்டைக் கழற்றாதவள், இவர்களைப் பார்த்து, "விருந்தினர்கள் அறையைக் காலி செய்யும் நேரத்துக்கு வந்திருக்கிறீர்கள்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். யூருன்கூடச் சிரித்தாள். அது எந்தவிதச் சிரிப்பு என்று ஓட்வாருக்குத் தெரியவில்லை.

சூரியன் ஜனவரி வரை விடைபெற்றுக்கொண்டு போய்விட்டது. நண்பகலில் தெற்கு வானத்தில் கொஞ்சம் நீலம் மட்டும் வந்துவிட்டுப் போனது.

"யூருனைக் கடையில பார்த்தேன்," என்றான் கூர்ட், மீன் திரையைப் பார்த்தபடி. "மூக்கெல்லாம் சிவந்து, தும்மிக்கிட்டு நின்னா. வியாழக்கிழமை நான் சூர்ட்லான் போறேன், என் டீசல்ல வா, அடுப்பு மாதிரி இருக்கும்னு சொன்னேன்."

ஓட்வாரின் கை தீனிப் பொத்தான்மேல் நின்றது.

"என்ன சொன்னா?"

"யோசிச்சுச் சொல்றேன்னா. டேய், மீனுக்குப் போடுடா! எல்லாம் உன்னையே பார்க்குது."

அன்று முழுவதும் ஓட்வார் மீன்களைப் பார்த்துக்கொண்டு முறையாக யோசித்தான். மென்மையான டயர் போட்டான்; அவள் பயந்தாள். ஆணி டயர் போட்டான். அவள் பேர் கெட்டது. கரடி டயர் போட்டான். அவளுக்குச் சளி பிடித்தது. தவறு டயரில் இல்லை. அவளை வண்டியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்ததுதான் தவறு. அவளுடைய சிவப்பு வண்டி ப்ளைக்கில் பனிக்கு அடியில் ஒரு மேடாகக் கிடந்தது. அதற்குள் சூடு இருக்கிறது. அவளுக்கு வேண்டியது அவளுடைய டயர். அதைக் கேட்டு வாங்கித் தராமல், ஒன்றரை மாதமாகத் தட்டுகளின் பக்கம் பார்க்காமல் இருந்தவன் எவ்வளவு சுயநலக்காரன்! இது சரியான முடிவுதானா என்று ஒரு முறை சந்தேகப்பட்டான். சரி என்றுதான் பட்டது. நெஞ்சு வலித்ததிலிருந்தே அது தெரிந்தது.

மறுநாள் மதியம் நேராக ஹோட்டலுக்குப் போனான். வெளியே பனிமேட்டின்மேல் நீல வெளிச்சம் இன்னும் போகாமல் நின்றது.

"நாலாவது செட்டா?" என்றாள் மோல்ஃப்ரி.

"இல்லை. யூருனோட டயர்."

மோல்ஃப்ரி மெல்லுவதை நிறுத்தினாள்.

"அவ டயரு உனக்கு எதுக்கு?"

"அது இங்க மாட்டிக்கிட்டு இருக்காமே. என்ன தடங்கல்னு எனக்குத் தெரியாது. பாக்கி இருந்தா நான் கட்டிடறேன். ஆள் பத்தலைன்னா நானே கழட்டி மாட்டிக்கிறேன். பிக்கப்ல ஏத்திட்டுப் போய் இன்னிக்கே அவ வண்டிக்குப் போட்டுடறேன்."

"எங்க ஹோட்டல்ல தங்கியிருக்கிறவங்களைப் பத்தி வெளியாள்கிட்ட சொல்ற பழக்கம் கிடையாது."

"மோல்ஃப்ரி, விளையாடாதே. என் வண்டியில அவ விறைச்சுப் போறா. சளி பிடிச்சுப்போச்சு. வாராவாரம் கிளாஸ் போச்சு."

"சொந்த வண்டி ஓடிச்சுன்னா அப்புறம் உன் வண்டியில வர மாட்டாளே. அது தெரியுமில்ல?"

"தெரியும்." ஓட்வார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினான். "பரவாயில்லை. நான் பழையபடி பின்னாடியே போறேன். அவ சூடாப் போனாப் போதும்."

 மோல்ஃப்ரி பெருமூச்சு விட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து, கையைக் காட்டிக் கூப்பிட்டாள். மூன்றாவது தட்டில், ஓட்வாரின் இரண்டு செட் பைகளுக்குப் பக்கத்திலேயே, அவற்றோடு உரசிக்கொண்டு நாலு சின்னப் பைகள். யூருனின் பெயர் எழுதியிருந்தது. மோல்ஃப்ரி ஒன்றை விலக்கிக் காட்டினாள். கழுவி, துடைத்து, காற்றுப் பிடித்து, மாட்டுவதற்குத் தயாராக இருந்தது டயர். ரப்பரில் ஒரு தூசி இல்லை.

"இது எப்ப தயாராச்சு?"

"முதல் பனிக்கு முன்னாடியே."

"பனிக்கு முன்னாடியே தயாரா?" ஓட்வாருக்குக் கோபம் வந்துவிட்டது. அவனுக்குக் கோபம் வருவது அபூர்வம். குரல் எங்கே ஏற வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. "அப்புறம் ஏன் அவளுக்குத் தரலை? ஒரு பொம்பளைய ஒன்றரை மாசம் குளிர்ல அலைய விட்டுட்டு, தட்டுல தூங்க வெச்சிருக்கியே! உனக்கு மனசாட்சி இருக்கா?"

மோல்ஃப்ரி பையின் வாயை இழுத்து முடிந்தாள்.

"நான் எப்படா தர மாட்டேன்னேன், காட் மீன் மண்டையா? இந்த டயருக்கு மே மாசம் வரைக்கும் அறைய நீட்டிச்சதும் அவதான், உனக்கு அந்தக் கரண்டு குடிக்கிற டயரை மாட்டிவிடுன்னு போன் போட்டுச் சொன்னதும் அவதான்!"